மூன்று இலக்கமா, ஆறு இலக்கமா?

இணையப் பக்கங்களின் நிறக் குறியீடு பற்றி ஓர் ஆய்வு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

முன்னுரை

சேலத்திலிருந்து இளம்பிள்ளை செல்லும் பேருந்தில் ஏறி ஊர் எல்லையில் இறங்கினால், கண்ணுக்கு முன்னே காதுக்கு ஊர் தெரிந்துவிடும். தறியோசை கேட்காத தெரு அங்கே அரிது. எங்கள் வீடு அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. என் தந்தையார் ஒரு சாயப்பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாயம் நிறுத்துக் கலக்கும் வேலை செய்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். என் தாயார் வீட்டிலேயே தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

சாயத்துக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு விடுமுறையில் நான் செய்த ஒரு பிழை அந்த எண்ணத்தை மாற்றியது. அப்பிழையையும், அதிலிருந்து நான் கற்ற கணக்கையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் தெருவில் புடவை வணிகம் செய்யும் அண்ணன் ஒருவர், தம் புடவைகளைக் கைப்பேசியில் பார்த்து வாங்கும்படி ஓர் இணையப் பக்கம் அமைத்துத் தரக் கேட்டார். ஒரே நெசவில் பன்னிரண்டு நிறங்கள். புடவைப் படத்தின் கீழே பன்னிரண்டு சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம். அதன் கீழே சிறிய எழுத்தில் நிறத்தின் பெயர். வேண்டிய கட்டத்தைத் தொட்டால் அந்த நிறப் புடவைக்கு ஆணை போய்விடும்.

சாயம் தோய்த்த நூலைப் படம் எடுத்து, அப்படத்திலிருந்து ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய குறியீட்டைக் கணினி வழியே எடுத்தேன். அரக்கு நிறத்துக்கு #902130 என்று வந்தது. ஒயின் கலருக்கு #812439 என்று வந்தது. ஆறு இலக்கங்கள் எனக்கு நீளமாகத் தோன்றின. மூன்று இலக்கத்தில் எழுதினால் பக்கம் விரைவாகத் திறக்கும் என்று எங்கோ படித்த நினைவு வேறு. ஆகவே பன்னிரண்டு குறியீடுகளையும் அவற்றுக்கு மிக அருகில் உள்ள மூன்று இலக்கக் குறியீடாக மாற்றிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அண்ணனும் மகிழ்ந்தார்.

ஒரு மாதம் கழித்து நாமக்கல்லில் ஒரு கல்யாண வீட்டார் ஆறு புடவைகளுக்கு ஆணை கொடுத்தனர். அவர்கள் விரும்பியது ஒயின் கலர். போய்ச் சேர்ந்தது அரக்கு. ஆறு புடவைகளும் திரும்பி வந்தன. பிரித்து மடித்த புடவையைப் புதிதென்று விற்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் இருநூறு ரூபாய் குறைத்து விற்றார் அண்ணன். போய் வந்த பார்சல் கூலியும் அவர் தலையில்தான். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்றிரவு பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அரக்கும் ஒயினும் ஒரே நிறக் கட்டங்களாக நின்றன. இரண்டுக்கும் நான் எழுதியிருந்த குறியீடு #823. தந்தையார் என் தோள் வழியே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டையும் பிரிக்கறதுக்கு ரெண்டு நாள் தொட்டிகிட்ட நின்னனே கண்ணு. நீ ஒரு நிமிசத்துல ஒண்ணாக்கிப் போட்டியே!" என்றார்.

எப்படி ஒன்றாயின? அதை அறியக் குறியீட்டின் கணக்கை முதலில் காண்போம்.

நிறமும் எண்ணும்

கணினித் திரையும் கைப்பேசித் திரையும் நுண்ணிய புள்ளிகளால் ஆனவை. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உண்டு. மூன்றும் முழு அளவில் எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள். ஒவ்வோர் ஒளியின் அளவையும் 0 முதல் 255 வரை 256 படிகளாகக் கணினி வைத்துக்கொள்கிறது. எட்டு பிட்டுகளில் எழுதக்கூடிய எண்கள் அத்தனைதாம். மூன்று ஒளிகளையும் சேர்த்தால் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்கள்.

இந்த அளவுகளை நாம் பழகிய பத்தடிமான எண்ணில் எழுதாமல் பதினாறடிமான எண்ணில் எழுதுவது வழக்கம். அதில் 0 முதல் 9 வரை உள்ள இலக்கங்களோடு, பத்து முதல் பதினைந்து வரையுள்ள மதிப்புகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களாக வருகின்றன. இரண்டே இலக்கங்களில் 0 முதல் 255 வரை எழுதிவிடலாம் என்பதே இதன் வசதி. 16 × 16 = 256 அன்றோ?

அரக்கு நிறத்தின் #902130 என்னும் குறியீட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஹேஷ் குறிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம்.

சிவப்பு 90 என்பது 9 × 16 + 0 = 144.
பச்சை 21 என்பது 2 × 16 + 1 = 33.
நீலம் 30 என்பது 3 × 16 + 0 = 48.

இவ்வாறே ஒயின் கலரின் #812439 என்பதைப் பிரித்தால் சிவப்பு 129, பச்சை 36, நீலம் 57 என்று வரும். அரக்கை விடச் சிவப்பு 15 படிகள் குறைவு. நீலம் 9 படிகள் மிகுதி. சிவப்பு குறைந்து நீலம் ஏறினால் நிறம் ஊதாவின் பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் ஒயின் கலர். அந்தச் சாய்வுக்காகத்தான் கல்யாண வீட்டார் பணம் கொடுத்தார்கள்.

இரட்டிப்பா, சுழியமா?

இனி மூன்று இலக்கக் குறியீட்டுக்கு வருவோம். இது எவரோ பின்னாளில் கண்டுபிடித்த குறுக்கு வழி அன்று. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்த அதே செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1994இல் நார்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ இணையப் பக்கங்களின் தோற்றத்தைத் தனியே எழுதும் முறை ஒன்றை முன்மொழிந்தார். அதுவே சி.எஸ்.எஸ். எனப்படும் நடைத்தாள். பெர்ட் போஸ் என்பாரோடு இணைந்து அவர் உருவாக்கிய அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளிவந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15இல்தான் தொடங்கியது என்பதை இங்கு நினைவுகூரலாம். அந்த முதல் பதிப்பிலேயே ஆறு இலக்கம், மூன்று இலக்கம் ஆகிய இரு வடிவங்களுக்கும் இடம் தரப்பட்டது.

மூன்று இலக்கத்தைக் கணினி எவ்வாறு ஆறாக விரிக்கிறது? ஒவ்வோர் இலக்கத்தையும் இரட்டிப்பாக எழுதுகிறது. #823 என்றால் #882233. #777 என்றால் #777777.

இலக்கத்தின் பின்னால் சுழியம் சேர்த்து விரித்திருந்தால் என்ன? 8 என்பதை 80 என்று எடுத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றுகிறதே என்று நான் எண்ணினேன். வெள்ளையை எடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. மூன்று எஃப் எழுதினால் வெள்ளை வர வேண்டும். எஃப் என்பது 15. அதன்பின் சுழியம் சேர்த்தால் 15 × 16 = 240 மட்டுமே ஆகும்; மூன்று ஒளிகளும் 240இல் நின்றால் வருவது மங்கிய வெள்ளை. இரட்டித்தால் 15 × 16 + 15 = 255. முழு வெள்ளை. இரட்டிப்பு என்பது இலக்கத்தை 17ஆல் பெருக்குவதற்குச் சமம். 0இல் தொடங்கி 17, 34, 51 என்று பதினைந்து சம படிகளில் ஏறிச் சரியாக 255இல் முடிகிறது. இரு முனைகளும் பிசகாமல் கிடைக்கின்றன. எளிய கணக்கு, ஆனால் சிந்தித்துச் செய்த கணக்கு.

சுருக்கம் வேறு, தோராயம் வேறு

மூன்று இலக்கத்தில் எழுதக்கூடிய நிறங்கள் 16 × 16 × 16 = 4,096. ஆறு இலக்கத்தில் 1,67,77,216. வகுத்துப் பார்த்தால் 4,096 நிறங்களுக்கு ஒரு நிறம்தான் சுருக்கி எழுதத் தகுதி உடையது. மற்றவற்றுக்குச் சுருக்கமே கிடையாது.

இங்கேதான் என் பிழை இருக்கிறது. #882233 என்பதை #823 என்று எழுதுவது சுருக்கம். நிறம் அணுவளவும் மாறாது. எழுதும் முறை மட்டும் மாறும். #902130 என்பதை #823 என்று எழுதுவது சுருக்கம் அன்று, தோராயம். நிறமே மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றுவதால்தான் ஆபத்து.

தோராயமாக்கும்போது ஓர் ஒளியின் அளவு அதிகம் போனால் 8 படிகள் மாறும். 256இல் 8 என்பது சிறிது போலத் தோன்றும். ஆனால் சிவப்பில் 128 முதல் 144 வரை உள்ள 17 அளவுகளும் 8 என்னும் ஒரே இலக்கத்தில் போய் விழுகின்றன. பச்சையில் 26 முதல் 42 வரை எல்லாம் 2 ஆகின்றன. நீலத்தில் 43 முதல் 59 வரை எல்லாம் 3 ஆகின்றன. ஆகவே 17 × 17 × 17 = 4,913 வெவ்வேறு நிறங்கள் #823 என்னும் ஒரே பெயரைச் சூடிக்கொள்கின்றன. அந்தக் கூட்டத்தில் எங்கள் அரக்கும் இருந்தது, ஒயினும் இருந்தது.

தனியே ஒரு நிறத்தை 8 படிகள் மாற்றினால் பலருக்குக் கண்ணில் படாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரு நிறங்களுக்கு நடுவே உள்ள வேற்றுமையை அழித்தால் உடனே படும். நிறக் குறியீட்டில் நாம் காக்க வேண்டியது பெரும்பாலும் அந்த வேற்றுமையைத்தான்.

இதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. நம் தேசியக் கொடியின் நிறங்களாகப் பல இணையப் பக்கங்களில் இடம்பெறும் குறியீடுகளை நோக்குவோம். காவிக்கு எஃப்எஃப்-99-33 என்று எழுதுவார்கள். மூன்றும் இரட்டை இலக்கங்கள். எஃப்-9-3 என்று தயங்காமல் சுருக்கலாம். பச்சைக்கு எழுதுவது #138808. நடுவில் உள்ள 88 மட்டும் இரட்டை. 13க்கும் 08க்கும் சுருக்கம் இல்லை. வலிந்து #180 என்று எழுதினால் வேறொரு பச்சை வரும். ஒரே கொடியில் ஒரு நிறம் சுருங்கும், ஒரு நிறம் சுருங்காது. கொடித் துணியின் நிறத்துக்கே 1968இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டிருக்கும்போது, எழுத எளிது என்பதற்காகத் திரையில் அதை மாற்ற நமக்கு உரிமை ஏது?

விரைவு கூடுமா?

சுருக்கினால் பக்கம் விரைவாகத் திறக்கும் என்று நான் நம்பியதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். #882233 என்பதில் ஹேஷ் குறியோடு ஏழு எழுத்துகள். #823 என்பதில் நான்கு. மிச்சம் மூன்று எழுத்து, அதாவது மூன்று பைட். ஒரு பக்கத்தில் 200 இடங்களில் நிறக் குறியீடு வந்தாலும் மிச்சம் 600 பைட்டுகள்தாம். அதே பக்கத்தில் உள்ள புடவைப் படம் ஒன்று இரண்டு லட்சம் பைட் இருந்தால், படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலே இதைப் போல் பல மடங்கு மிச்சமாகும். மேலும், சேவையகங்கள் பக்கத்தை அனுப்பும்போது திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளை அமுக்கி அனுப்புவதே பெருவழக்கு. அப்போது அந்த 600 பைட்டிலும் பெரும்பகுதி மறைந்துவிடும்.

ஒரு காலத்தில் குறைந்த நிறங்களோடு வாழ வேண்டிய தேவை இருந்தது உண்மையே. 1990களில் பல கணினித் திரைகள் ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்ட வல்லவை. அதனால் எல்லாத் திரைகளிலும் ஒன்றுபோல் தெரியும் 216 நிறங்களை மட்டும் கையாளும் பழக்கம் ஏற்பட்டது. ஒவ்வோர் ஒளிக்கும் 0, 51, 102, 153, 204, 255 என்னும் ஆறு படிகள்; 6 × 6 × 6 = 216. பதினாறடிமானத்தில் இவை யாவும் 00, 33, 66, 99 போன்ற இரட்டை இலக்கங்கள். ஆகவே அந்த 216 நிறங்களையும் மூன்று இலக்கத்தில் எழுதலாம். அந்நாளைய தேவைக்கு மூன்று இலக்கம் போதியதாக இருந்தது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியே கோடிக்கு மேற்பட்ட நிறங்களைக் காட்டுகிறது.

ஒரு படியில் தவறிய சாம்பல்

கல்யாண வீட்டார் நிறத்தின் பெயரைப் படித்திருந்தால் குழப்பம் நேர்ந்திராதே என்று நண்பர்கள் வினவலாம். அதிலும் என் பிழை உண்டு. பெயர்களை வெள்ளைத் தாள் போன்ற பின்புலத்தில் #999 என்னும் வெளிர் சாம்பலில் எழுதியிருந்தேன். வீட்டுக்குள் பார்க்க நாகரிகமாக இருந்தது. வெயிலில் கைப்பேசியைப் பிடித்தால் எழுத்தே தெரியவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேற்றுமையை அளக்க ஒரு விகிதம் உண்டு. வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகுதிறன் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு அந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. நம் அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் அந்நெறிமுறையை ஒட்டியே அமைந்துள்ளன. பார்வை குன்றியோரையும் முதியோரையும் மனத்தில் வைத்து எழுந்த விதி இது.

#999க்குக் கணக்கிட்டேன். 2.85 வந்தது. பாதியைச் சற்றே தாண்டிய அளவு. சரி, இன்னும் அடர்த்தியான #777 எழுதுவோம் என்று கணக்கிட்டால் 4.48. இரண்டு நூறில் ஒரு பங்கில் தேர்ச்சி தவறுகிறது! ஆறு இலக்கத்தில் ஒரே ஒரு படி இறங்கி #767676 என்று எழுதினால் 4.54, தேர்ச்சி. மூன்று இலக்கத்தில் அடுத்த படி #666 தான். அது தேவைக்கு மேல் கறுத்துவிடும். விளிம்பில் நிற்கும் அளவை எட்ட ஆறு இலக்கம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் தவறியவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

நான்கும் எட்டும்

அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. நிறம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கக் கடைசியில் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டு இலக்கமாக எழுதலாம். அதன் சுருக்கம் நான்கு இலக்கம். #8234 என்றால் #88223344; அதாவது #882233 என்னும் நிறம், கால் பங்குக்குச் சற்று மேலான அடர்த்தியில். முன்பெல்லாம் கை தவறி ஓர் இலக்கம் கூட எழுதினால் உலாவி அதை ஏற்காது. பிழை உடனே தெரிந்துவிடும். இன்று நான்கு இலக்கமும் முறையான குறியீடே ஆதலால், உலாவி ஒன்றும் சொல்லாமல் மங்கிய நிறத்தைக் காட்டிவிட்டுப் போகும்.

கைப்பேசிச் செயலி எழுதும் நண்பர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு முறையில் ஊடுருவல் அளவு முதலில் வரும். ஆகவே #8234 என்பதை அது 223344 என்னும் கருநீலமாகப் பாதி அடர்த்தியில் காட்டும். ஒரே நான்கு இலக்கங்கள். இணையப் பக்கத்தில் மங்கிய சிவப்பு, செயலியில் கருநீலம். குறியீடு சுருங்கச் சுருங்க, அதைப் படிப்பவர் எந்த விதியின்படி விரிக்கிறார் என்பது மேலும் மேலும் முதன்மை பெறுகிறது.

தந்தையாரின் நோட்டு

பிழையைத் திருத்த உட்கார்ந்த நாளில் தந்தையாரின் பழைய நோட்டு ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே நிறத்தின் பெயர்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து. அதன் கீழே ஒரு கிலோ நூலுக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம் என்னும் கணக்கு. ஓரத்தில் அந்தச் சாயத்தில் தோய்த்த ஒரு முடி நூல், ஊசியால் குத்திக் கட்டப்பட்டிருந்தது.

"பேரு இருக்கையில கிராம் எதுக்குங்கப்பா?" என்று கேட்டேன்.

"பேரு வாங்கறவங்களுக்கு, கண்ணு. அரக்குன்னா ஆளுக்கு ஒரு அரக்கு இருக்கும். கிராம்தான் தொட்டிக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்றார்.

பெயர், அளவு, மாதிரி ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில். நான் கல்லூரியில் படித்ததை அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். நிறத்துக்குப் பெயர் வைப்பது மனித இயல்பு. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலம் இன்றும் 'எம்.எஸ். நீலம்' என்றே பட்டுக் கடைகளில் வழங்குகிறது. நடைத்தாள் உலகிலும் அப்படியொரு பெயர் உண்டு. #663399 என்னும் ஊதா, #639 என்று சுருக்கி எழுத ஏற்றதே. ஆயினும் 2014இல், நடைத்தாள் வல்லுநர் எரிக் மேயரின் மகள் ரெபெக்கா ஆறு வயதில் இறந்தபோது, அச்சிறுமியின் நினைவாக அதற்கு ரெபெக்கா ஊதா என்று பெயர் சூட்டி விதியிலேயே சேர்த்தார்கள். அங்கும் பெயருக்கு அடியில் மாறாத அளவு ஒன்று இருக்கிறது.

நடைத்தாளில் நாமே ஒரு நிறத்துக்குப் பெயர் வைத்து, அளவை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் பெயரை மட்டும் கையாள வழி இருக்கிறது. அந்தப் பெயர் தமிழிலேயே இருக்கலாம் என்பது பலரும் அறியாத செய்தி. இப்போது எங்கள் பக்கத்தின் நடைத்தாளில் பன்னிரண்டு வரிகள் இப்படித் தொடங்குகின்றன:

--அரக்கு: #902130;
--ஒயின்: #812439;

சாயம் மாறினால் ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். தந்தையாரிடம் காட்டினேன். எண்கள் அவருக்குப் புரியவில்லை. பெயர்களை விரல் வைத்துப் படித்தார். பிறகு கைப்பேசியை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போய், இரு கட்டங்களையும் நூலோடு வைத்துப் பார்த்தார்.

"இப்ப ரெண்டுங் ரெண்டா இருக்குது. ஆனா நூல்ல இருக்கற அரக்கு இது இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரியே. துணி, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரை தானே ஒளியை உமிழ்கிறது. படக்கருவி மாற, விளக்கு மாற, திரை மாற நிறமும் மாறும். ஆறு இலக்கம் எழுதினால் துணியின் நிறம் அப்படியே திரையில் வந்துவிடும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நாம் அளந்து அறிந்த அளவை நம் கையாலேயே தொலைத்துவிடாமல் காப்பது மட்டுமே அதன் பணி. அந்தப் பணி சிறியதன்று. பக்கத்தில் 'நிறம் திரைக்குத் திரை சற்று மாறும்; ஐயமிருப்பின் நூல் மாதிரி அனுப்பப்படும்' என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

எதை எங்கே எழுதுவது?

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

1. மூன்று இணைகளும் இரட்டை இலக்கமாக இருந்தால் மட்டுமே சுருக்கலாம். வெள்ளை, கறுப்பு, கோடுகளுக்கான சாம்பல் போன்றவற்றுக்குச் சுருக்கம் தாராளமாகப் பொருந்தும்.

2. பொருளின் நிறம், கொடியின் நிறம், நிறுவனச் சின்னத்தின் நிறம் ஆகியன வெளியிலிருந்து நமக்கு வருபவை. அவற்றை வந்தபடியே ஆறு இலக்கத்தில் எழுத வேண்டும்.

3. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நெருங்கிய நிறங்களையும், எழுத்தின் நிறத்தையும் கணக்கிட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும்.

4. ஒரே கோப்பில் பலர் பணி செய்தால் எல்லாரும் ஒரே முறையைக் கையாள்வது நலம். ஓரிடத்தில் மூன்றும் ஓரிடத்தில் ஆறுமாக இருந்தால், ஒரு நிறத்தைத் தேடி மாற்றும்போது பாதி தப்பிவிடும்.

5. ஐயம் வந்தால் ஆறு இலக்கமே எழுதுக. கோப்பைச் சுருக்கும் கருவிகள், நிறம் மாறாத இடங்களில் மட்டும் தாமே மூன்றாக்கிக் கொடுத்துவிடும். எதைச் சுருக்கலாம் என்னும் கணக்கைப் பிசகின்றிச் செய்வது பொறிக்கு எளிது. எதைச் சுருக்கலாகாது என்று அறிவது நம் கடமை.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் என் தலைமுறைக்கு முன் எவரும் கணினியைத் தொட்டதில்லை. அதனால் நான் கற்பதெல்லாம் புதியது என்றும், வீட்டில் இருப்பதெல்லாம் பழையது என்றும் ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. ஆறு புடவைகள் திரும்பி வந்த அன்று அந்த எண்ணம் போயிற்று. கிராம் கணக்கைத் தவறவிடாத ஒருவரின் வீட்டில் பிறந்துவிட்டு, மூன்று எழுத்தை மிச்சம் பிடிக்க நிறத்தைத் தவறவிட்டேன்.

அண்ணனுக்கு நேர்ந்த இழப்பில் ஒரு பங்கை இவ்வாண்டு உதவித்தொகையிலிருந்து கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "அடுத்த பன்னெண்டு கலரையும் நீயே போட்டுக் குடு" என்றார். அவற்றை அளந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாணவ நண்பர்களும் தம் பக்கங்களில் ஒரு நிறத்தைச் சுருக்குமுன், அது சுருக்கமா தோராயமா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் அடைந்தவன் ஆவேன்.